தோற்பை என்னும் சொல்

மனித தேகத்தின்மேல் நமக்குள்ள அபிமானத்தை அறுக்க விரும்பிய நம் நாட்டு ஞானிகள் அதற்கு இட்ட பெயர்களுள் 'தோற்பை' என்பது மிகக் கடுமையானது. உள்ளே குருதியும் மலமும், வெளியே அவற்றை மூடும் ஒரு தோல், இதற்கா இத்தனை அலங்காரம் என்று அவர்கள் கேட்டார்கள். வைராக்கியத்தை வளர்ப்பதற்காகச் சொல்லப்பட்ட அந்த வார்த்தையை, ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் பேர்ணாம்பட்டுக்கும் இடையில், தோலே சோறிடும் பாலாற்றங்கரை ஊர்களில் வளர்ந்த என்னால் ஒருநாளும் வெறும் இகழ்ச்சியாகக் கேட்க முடிந்ததில்லை.

உள் என்றும் புறம் என்றும் நாம் பிரிப்பது எதைக்கொண்டு? பிரிக்கின்ற அந்த எல்லைக்குத் தனக்கென்று ஒரு மேன்மை உண்டா, அல்லது அது ஒரு மூடுதிரை மட்டுந்தானா? சுத்தம், அசுத்தம், தீண்டத்தக்கது, தீண்டத்தகாதது என்ற நம் சமய வியவகாரம் முழுவதும் இக்கேள்விக்கு நாம் முன்னரே சொல்லிவைத்த ஒரு விடையின்மேல் நிற்கிறது. அவ்விடை சரியானதுதானா என்ற விசாரத்திற்கு என்னை இழுத்துச் சென்றது சாஸ்திர கிரந்தம் எதுவுமன்று. இரத்தத்தின் சிவப்பணுவைப் போர்த்திருக்கும், கண்ணுக்கெட்டாத ஒரு கொழுப்புச் சவ்வைப் பற்றி விஞ்ஞானிகள் ஏறக்குறைய நூறாண்டுகளாகச் செய்துவரும் ஆராய்ச்சியே என்னை அவ்வழியில் இட்டுச் சென்றது.

கொழுப்பைப் பற்றி எங்கள் ஊர்த் தோல் ஷாப்புகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்தது கொஞ்சமன்று. உப்பிட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்புத் தொட்டியில் இட்டு மயிரை உதிர்த்து, உட்புறத்துச் சவ்வையும் கொழுப்பையும் வழித்தெடுத்து, முன்னாளில் ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய் நீரிலும், இந்நாளில் பெரும்பாலும் சுழலும் பீப்பாய்களில் குரோமிய உப்பிலும் அதைப் பதனிடுகிறார்கள். பதனிட்டபின், எதை வழித்தெறிந்தார்களோ அதன் இனத்தையே எண்ணெய்ப் பாலாகக் கரைத்துத் தோலுக்கு மறுபடியும் ஊட்டுகிறார்கள். ஊட்டாவிட்டால் காய்ந்ததும் தோல் பலகைபோல் விறைத்துப்போகும். எண்ணெயும் நீரும் கலவா என்பது உலகறிந்ததாயினும், ஒரு முனை நீரை நாடுவதாகவும் மறுமுனை நீரை வெறுப்பதாகவும் அமைந்த மூலக்கூறுகள் நடுவே நின்றால் அவ்விரண்டும் இணங்கி நிற்கும் என்ற இயற்கை நியதியே அந்த எண்ணெய்ப் பாலின் ரகசியம். உயிருள்ள அணு ஒவ்வொன்றின் எல்லையும் இந்த நியதியினாலேயே ஆனது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். இவ்வூர்களின் தோல் வணிகத்தை நெடுங்காலமாக நடத்திவரும் முஸ்லிம் பெருமக்களின் சட்டவியலில், செத்த பிராணியின் தோலும் பதனிட்டால் தூய்மை பெறும் என்பது பெரும்பான்மை அறிஞர்களின் முடிபு. தூய்மை என்பது பிறப்போடு வந்து பிறப்போடு ஒட்டிக்கொள்வதாக இல்லாமல், கையின் உழைப்பால் உண்டாக்கப்படுவது என்ற இந்தக் கருத்தை நான் சிறுவயதில் கேட்டபோது அதன் கனம் எனக்குத் தெரியவில்லை.

இனிச் சிவப்பணுவைப் பார்ப்போம். எலும்பு மஜ்ஜையில் அது பிறந்து முதிரும்போதே, மற்ற அணுக்கள் தம் உயிர்நாடியாகக் காத்துக்கொள்ளும் கருவை வெளியே தள்ளிவிடுகிறது. பிராணவாயுவைக்கொண்டு சக்தியை உண்டாக்கும் உறுப்புகளையும் துறந்துவிடுகிறது. ஆகையால், நுரையீரலிலிருந்து உடம்பின் மூலை முடுக்குகளுக்கெல்லாம் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் இவ்வணு, தான் சுமக்கும் அவ்வாயுவில் ஓர் அணுவளவும் தன் சக்திக்கென்று எரித்துக்கொள்வதில்லை. சர்க்கரையைப் புளிக்கவைத்துக் கிடைக்கும் அற்ப சக்தியிலேயே ஜீவித்து, ஏறக்குறைய 120 நாட்களில் ஒரு லட்சம் தடவைக்கு மேல் தேகத்தைப் பிரதட்சிணம் செய்து முடிகிறது. பலனைக் கருதாத கருமத்திற்கு உதாரணம் தேடுகிறவர்கள் தம் நாடியைத் தொட்டுப் பார்த்தால் போதும். கருவும் வித்தும் இல்லாத அதனிடம் இருப்பவை, செந்நிறம் தரும் ஹீமோகுளோபின் என்ற புரதமும், ஒரு மில்லிமீட்டரை இரண்டு லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு எவ்வளவோ அவ்வளவே கனமுள்ள ஒரு சவ்வும், அச்சவ்வை உட்புறத்திலிருந்து தாங்கும் ஒரு புரத வலையுமேயாகும்.

அச்சவ்வு எவ்வாறு அமைந்தது என்பதை முதன்முதலில் அளந்து சொன்னவர்கள் ஹாலந்து தேசத்து லைடன் நகரில் குழந்தை மருத்துவராயிருந்த கோர்ட்டரும் அவருடைய துணைவர் கிரெண்டலும் ஆவர். 1925ஆம் ஆண்டில் அவர்கள் மனிதன், நாய், முயல் ஆகியவற்றோடு வெள்ளாடு, செம்மறியாடு ஆகிய, நம் தோல் ஷாப்புகளுக்கு வரும் பிராணிகளின் குருதியையும் எடுத்து, அதிலுள்ள சிவப்பணுக்களை எண்ணி, அவற்றின் கொழுப்பை அசிட்டோனில் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின்மேல் ஒரே மூலக்கூறு கனமுள்ள படலமாக விரித்து அளந்தார்கள். விரிந்த பரப்பு, அத்தனை அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்காயிருந்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்குகளால் ஆனது. இரண்டடுக்கின் தலைகளும் நீரை நோக்கி வெளியும் உள்ளுமாக நிற்க, வால்கள் நடுவே ஒன்றையொன்று நோக்கி மறைந்திருக்கின்றன என்று அவர்கள் முடிவு கண்டார்கள். அவர்கள் கொழுப்பை முற்றும் பிரித்தெடுக்கவில்லை என்பதும், அணுவின் மேற்பரப்பையும் உள்ளதைவிடக் குறைவாக மதித்துவிட்டார்கள் என்பதும், இவ்விரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்தமையால் விடை சரியாக அமைந்தது என்பதும் நாற்பதாண்டுகளுக்குப் பின் தெரியவந்தன. பிழை வழியாகவும் மெய் நம்மை வந்தடையக்கூடும் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவிதப் பணிவு உண்டாகிறது.

இரண்டு அடுக்குகள் என்பது நிலைபெற்ற பின்னரும், அவை ஒன்றைப்போல் மற்றொன்று என்றே நெடுநாள் கருதியிருந்தார்கள். 1972இல் கேம்பிரிட்ஜில் மார்க் பிரெட்ஷர், அவை வேறுவேறு என்று வாதித்தார். மறு ஆண்டு யூட்ரெக்ட் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அதை நிலைநாட்டிய முறை அழகானது. எட்டிய கொழுப்பை மட்டும் அரிக்கவல்ல நொதிகளை, நமது நாகப்பாம்பின் விஷத்திலிருந்து எடுத்த நொதி உள்பட, உடையாத அணுக்களின்மேல் ஒரு தடவையும் உடைத்த சவ்வுகளின்மேல் ஒரு தடவையும் பாய்ச்சினார்கள். உடையாத அணுவில் அரிபட்டவை வெளியடுக்கைச் சேர்ந்தவை. உடைத்த பின்னரே அரிபட்டவை உள்ளடுக்கைச் சேர்ந்தவை. இந்தப் பரீட்சையில், கோலீன் என்ற தலையையுடைய கொழுப்புகள் நாலில் மூன்று பங்குக்கு மேல் வெளியடுக்கில் நிற்பதும், பாஸ்படைடில்செரீன் என்ற கொழுப்பு வெளியே அறவே இல்லாமல் முழுவதும் உள்ளடுக்கிலேயே இருப்பதும் தெரியவந்தன. தோலுக்கு மேற்பக்கம், சதைப்பக்கம் என இரண்டு இருப்பதை எங்கள் ஊரில் குழந்தையும் அறியும். கனமே இல்லாதது என்று சொல்லத்தக்க அணுவின் தோலுக்கும் அகம் ஒன்று, புறம் ஒன்று என இரண்டு முகங்கள் இருந்ததை அப்போதுதான் உலகம் அறிந்தது.

ஆனால் இவ்வேறுபாடு கல்லில் செதுக்கியதுபோல் ஒருமுறை அமைந்து அப்படியே நிற்பதன்று. ஒரே அடுக்கிற்குள் இக்கொழுப்பு மூலக்கூறுகள் நீரில் நீந்துவனபோல் ஓயாமல் இடம் மாறிக்கொண்டேயிருக்கின்றன. ஓரடுக்கிலிருந்து மற்றதற்குப் புரள்வதுமட்டும் மிக மெதுவாக, மணிக்கணக்காகவும் நாட்கணக்காகவும் நடப்பதாயினும் நடந்துகொண்டே இருக்கிறது. அப்படியே விட்டுவிட்டால் நாளடைவில் அகமும் புறமும் ஒன்றாகக் கலந்துவிட வேண்டும். கலவாதிருப்பதன் காரணத்தை 1984இல் பிரெஞ்சு விஞ்ஞானிகளான செய்னுரே, தெவோ என்ற இருவர் கண்டார்கள். வெளியே வழுவிவந்த செரீன் கொழுப்பை ஒவ்வொன்றாகப் பற்றி மீண்டும் உள்ளே கொண்டுசெல்லும் ஒரு வினை அச்சவ்விலேயே நிகழ்கிறது; அதற்கு அணு தன் சக்தியைச் செலவிடுகிறது. சர்க்கரையில் கிடைக்கும் அந்த அற்ப சக்தியிலிருந்து, வித்தில்லாத, சந்ததியில்லாத, 120 நாளில் முடியப்போகும் அந்த ஜீவன், தன் உள்ளை உள்ளாகவும் புறத்தைப் புறமாகவும் வைத்திருப்பதற்கென்று அன்றாடம் ஒரு பங்கைக் கொடுத்துவருகிறது.

என் விசாரம் இவ்விடத்தில்தான் தெளிந்தது. எல்லை என்பது ஒரு பொருள் என்று நான் எண்ணியிருந்தேன். உயிருள்ளதன் எல்லை ஒரு செயல். தைத்திரீய உபநிடதம் ஆத்மாவைக் கோசங்கள் ஒன்றனுள் ஒன்றாக விளக்கிச் செல்கையில், அன்னத்தாலான உடம்பிலிருந்து தொடங்குகிறது; உறைகளைக் கழித்துச் சென்றால் உட்பொருள் விளங்கும் என்பது வேதாந்திகளின் நெறி. சைவ சித்தாந்திகளோ, தனு, கரணம், புவனம், போகம் என்ற நான்கும் ஆணவ இருளில் கிடக்கும் உயிர்க்கு மாயையினின்று கொடுக்கப்பட்ட விளக்கு என்றார்கள். உடம்பை இழிவென்று எண்ணியிருந்த தம் எண்ணத்தை, அதனுள் இறைவன் கோயில்கொண்டதைக் கண்டு மாற்றிக்கொண்டதாகத் திருமூலர் பாடிவைத்தார். எனக்கு இரண்டாவது நெறியே மனத்திற்கு இசைகிறது. விளக்கு தானாக எரிவதில்லை. எண்ணெய் வார்க்க வேண்டும், திரியைத் தூண்ட வேண்டும். உறையைப் பழித்தவர்கள் அதைக் கிடந்த பொருளாகக் கண்டார்களேயன்றி, கணந்தோறும் தன்னைத்தானே நெய்துகொள்ளும் உழைப்பாகக் காணவில்லை.

அவ்வுழைப்பு தளரும்போது நேர்வதையும் சொல்ல வேண்டும். உள்ளே இருந்த செரீன் கொழுப்பு புறத்தே தோன்றுகிறது. மண்ணீரலிலும் கல்லீரலிலும் காத்திருக்கும் விழுங்கணுக்கள் அதைக் கண்டதும் அவ்வணுவை அணைத்து விழுங்கிவிடுகின்றன. முதிர்ந்த அணுவை அடையாளம் காட்டும் குறிகளுள் இது ஒன்று. தலசீமியா, அரிவாளணு நோய் ஆகியவற்றில் இக்குறி அகாலத்தில் வெளிப்படுகிறது. அரிவாளணுக் குறை நம் நாட்டில் முதலில் அறியப்பட்டதே தமிழ்நாட்டில்தான். 1952இல் நீலகிரி மலைவாழ் மக்களிடம் லேமனும் கட்புஷும் அதைக் கண்டார்கள். மலேரியாக் கிருமி புகுந்த குரங்கின் சிவப்பணுவில் அக-புற ஒழுங்கு குலைகிறது என்று லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த குப்தா, மிஸ்ரா ஆகியோர் 1981இல் எழுதினார்கள். ஹாலந்து ஆராய்ச்சியாளர்கள் பின்னர் அதை மறுத்தார்கள். அந்த வாதத்தில் புகுவது இக்கட்டுரைக்கு வேண்டாதது. சாவு என்பது வெளியிலிருந்து ஒன்று உட்புகுவது மாத்திரமன்று, உள்ளிருந்தது புறத்தே வெளிப்படுவதும் சாவு என்பதே எனக்கு வேண்டியது.

இவ்வளவும் கேட்ட ஒருவர், 'ஆகவே இயற்கையும் ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்துகிறது. இடம் பெயர்ந்தால் நாசம். நம் வர்ண வியவஸ்தையும் அதைத்தானே சொல்லிற்று?' என்று கேட்கக்கூடும். இப்படிப்பட்ட நியாயங்களைக் கற்றவர்களே மேடையில் பேசக் கேட்டிருக்கிறேன். அதனால் இதை நான் கடந்து போக இயலாது. முதலாவது, இயற்கையில் உள்ளதெல்லாம் தர்மமாகிவிடாது. இரண்டாவது, இயற்கையையே சாட்சிக்கு அழைப்பதானால் சாட்சியை முழுவதும் கேட்க வேண்டும். எந்தச் செரீன் கொழுப்பு சிவப்பணுவின் புறத்தே தோன்றினால் அதன் முடிவைக் குறிக்குமோ, அதே கொழுப்பு, தேகத்தில் காயம் பட்ட இடத்தில், தட்டணு என்ற வேறோர் இரத்தவணுவின் புறத்தே வேண்டுமென்றே கொண்டுவந்து நிறுத்தப்படுகிறது. குருதியை உறையச் செய்யும் புரதங்கள் அதன்மேல் வந்து கூடித்தான் உதிரப்போக்கை நிறுத்துகின்றன. அவ்வாறு எல்லையைக் கடக்க இயலாத ஓர் அபூர்வமான பிறவிக்குறை உண்டு. அதையுடையவர்களுக்குக் காயத்தின் இரத்தம் எளிதில் நிற்பதில்லை. காயம் பட்ட இடத்தில் எல்லையைத் தாண்டுவதே அங்கே உயிரைக் காக்கும் தர்மம். நம் சமுதாயத்தின் உடம்பில் எத்தனை நூற்றாண்டுக் காயம் இருக்கிறது என்பதை இந்தப் பக்கத்து ஊர்களின் தெருவமைப்பே சொல்லும்.

எல்லையை ஏமாற்றவும் கூடும். தோலைப் பதனிடும் உப்பிலுள்ள மூவிணைதிறக் குரோமியம், அணுவின் சவ்வை எளிதில் கடக்க வல்லதன்று. ஆனால் அவ்வுப்பைச் செய்வதற்கு மூலமான ஆறிணைதிறக் குரோமியமோ, வடிவத்தில் சல்பேட்டைப்போல் இருப்பதால், எதிர்மின் அயனிகளுக்கென்று சவ்வில் திறந்திருக்கும் புரத வாயில் வழியே தடையின்றி நுழைந்துவிடுகிறது. நுழைந்தபின் அது மூவிணைதிறமாக மாறி ஹீமோகுளோபினைப் பற்றிக்கொண்டு, திரும்பி வெளியேற வழியின்றி அவ்வணுவிலேயே தங்கிவிடுகிறது. இந்தக் குணத்தை நன்மைக்குப் பயன்படுத்தி, கதிரியக்கக் குரோமியத்தால் சிவப்பணுக்களுக்கு அடையாளமிட்டு அவற்றின் ஆயுளைக் கணிக்கும் முறையை 1950இல் கிரே, ஸ்டெர்லிங் என்ற அமெரிக்கர் இருவர் வகுத்தார்கள்; மருத்துவர்கள் பல்லாண்டுகள் அதைக் கையாண்டார்கள். அதே ஆறிணைதிறக் குரோமியம் ராணிப்பேட்டையில், மூடப்பட்டுவிட்ட ஒரு தொழிற்சாலையின் பின்புறத்தில், ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு மேடாகக் கிடந்து, மழைதோறும் மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீரை மஞ்சளாக்கியிருக்கிறது.

பாலாற்றுக்கும் ஓர் எல்லை இருந்தது. அதைக் காக்கும் செலவை யாரும் கொடுக்கவில்லை. வேலூர்ப் பகுதிக் குடிமக்களின் சங்கம் ஒன்று தொடுத்த வழக்கில் 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் தேதி உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே ஈடு கொடுக்க வேண்டும், தீங்கு ஐயமற நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரு நெறிகளையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறுதியிட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் எழுந்தன. ஆனால் 2015 ஜனவரியின் கடைசி நாள் அதிகாலை இருளில், ராணிப்பேட்டை சிப்காட்டில் அத்தகைய நிலையம் ஒன்றின் கழிவுத்தொட்டிச் சுவர் இடிந்து, அடுத்த தோல் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அச்சேற்றில் மூழ்கி மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எழுப்பிவிட்டால் சுவர் தானே நிற்கும் என்ற எண்ணம் எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிடச் சான்று எனக்கு வேண்டியதில்லை.

இனி, சமயம் எழுப்பிய சுவருக்கு வருகிறேன். திருநாளைப்போவார் என்னும் நந்தனார், சிவாலயங்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் கொடுத்துவந்த தொண்டர் என்று சேக்கிழார் சொல்கிறார். அவர் கொடுத்த தோல் கோயிலினுள் சென்று இறைவன் திருமுன் முழங்கியது. கொடுத்தவர் வாயிலுக்கு வெளியே நின்றார். யானைத்தோலைப் போர்த்து, புலித்தோலை உடுத்த கடவுளின் சந்நிதியில் தோலைத் தொட்ட கை தீட்டாயிற்று. அவ்வெல்லையை உண்மையான எல்லையென்று நான் ஒப்பமாட்டேன். உயிருள்ள எல்லை எதைக் காக்கிறதோ அதற்காகத் தன் சக்தியைச் செலவிடுகிறது. அந்த எல்லையோ வெளியே நின்றவனின் உழைப்பைச் செலவிட்டு உள்ளே இருந்தவனின் பெருமையைக் காத்தது. தில்லையில் நந்தனார் தீப்புகுந்து தூய்மை பெற்றார் என்று படித்து நெகிழ்கிற நாம், தூய்மை செய்துகொள்ள வேண்டியிருந்தது யார் என்பதை இன்னும் உரக்கச் சொல்லப் பழகவில்லை. சமயப் பற்றுள்ளவனாகவே இதைச் சொல்லுகிறேன்.

ஆம்பூரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் வேலூர் இருக்கிறது. 1900இல் இடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சை நிலையம் இன்று நாடறிந்த கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்திருக்கிறது. 1986 முதல் அங்கே எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சை நடந்துவருகிறது. ஒருவருடைய மஜ்ஜை வித்து மற்றொருவர் எலும்பில் வேரூன்றியபின், பெற்றவரின் உடம்பில் பிறக்கும் சிவப்பணுக்கள் எல்லாம் கொடுத்தவருடைய வம்சமே. இரத்த வகை வேறாயிருந்தால் பெற்றவரின் வகையே கொடுத்தவரின் வகையாக மாறிவிடும். சிவப்பணுவின் புறத்தே நின்று அந்த வகையை நிர்ணயிப்பது ஒரு சர்க்கரைத் துணுக்கு. ஏ வகைக்கும் பி வகைக்கும் உள்ள வேற்றுமை அதன் நுனியில் நிற்கும் ஒரே ஒரு சர்க்கரையின் வேற்றுமை.

எடுத்த இரத்தத்தை மருத்துவமனைகளில் 2 முதல் 6 டிகிரி வரையுள்ள குளிரில், பைகளில் அடைத்து வைக்கிறார்கள். கலந்த திரவத்திற்கேற்ப 35 அல்லது 42 நாள் அது பயன்படும்; அத்தனை நாளும் உள்ளேயிருக்கும் அணுக்கள் கொடுக்கப்பட்ட சர்க்கரையைக்கொண்டு தம் அகத்தையும் புறத்தையும் காத்துக்கொண்டிருக்கின்றன. பையின்மேல் எண்ணும், வகையும், ஆர்எச் குறியும், எடுத்த தேதியும், கெடு முடியும் தேதியும், செய்த பரிசோதனைகளின் விவரமும் எழுதியிருக்கின்றன. கொடுத்தவர் எந்தத் தெருவிலிருந்து வந்தார் என்று எழுதுவதற்கு அதில் இடம் இல்லை.